அரை மில்லி அளந்த ஊர்

என் வீட்டுக்காரரை அலுவலகத்தில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. ‘அரை மில்லி’ என்றுதான் சொல்வார்கள். நகராட்சியின் பாதாளச் சாக்கடைப் பிரிவில் முப்பத்தாறு வருடம் டிராஃப்ட்ஸ்மேனாக இருந்தார். ஒரு கோடு அரை மில்லிமீட்டர் தள்ளிப் போயிருந்தாலும், பெரிய பொறியாளர் கையெழுத்துப் போட்ட வரைபடத்தையே திருப்பி அனுப்பிவிடுவார். நான் அதே கட்டடத்தின் கீழ்த்தளத்தில் தட்டச்சு செய்துகொண்டிருந்தேன். ஒருநாள் நான் அடித்த கடிதத்தை எடுத்துக்கொண்டு மாடியிலிருந்து இறங்கி வந்தார். இடது பக்க ஓரம் மேலே ஒரு மாதிரியும் கீழே ஒரு மாதிரியும் இருக்கிறதாம். ஸ்கேலையும் கையோடு கொண்டு வந்திருந்தார். இவரைக் கட்டிக்கொள்ளப் போகிறவள் என்ன பாவம் செய்தாளோ என்று பக்கத்து மேசைக்காரியிடம் சொல்லிச் சிரித்தேன். எட்டு மாதம் கழித்து அந்தப் பாவி நானேதான் என்று தெரிந்தது.

அவரிடம் இரண்டு அளவுகோல்கள் உண்டு. ஒன்று டேப். இன்னொன்று அவருடைய கால். வேலைக்குச் சேர்ந்த புதிதில் அலுவலக வராந்தாவில் ஒரு வாரம் நடந்து நடந்து பார்த்து, தன்னுடைய ஒரு காலடி சரியாக எழுபத்தைந்து சென்டிமீட்டர் என்று கண்டுபிடித்து வைத்திருந்தார். ஒரு தெருவை ஒரு தடவை நடந்தால் போதும், நீளத்தைச் சொல்லிவிடுவார். பிறகு டேப் பிடித்துப் பார்ப்பதெல்லாம் மற்றவர்களின் மனசு ஆறுவதற்காகத்தான்.

இதனால் கஷ்டப்பட்டவள் நான். அந்தக் காலடி கெட்டுப்போய்விடக் கூடாது என்று எங்கே போனாலும் அதே வீச்சில், காலில் வெந்நீரைக் கொட்டிக்கொண்டவர் மாதிரி நடப்பார். கல்யாணமான புதிதில் நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து நடந்தோம் என்று சொல்ல மாட்டேன். அவர் நடந்தார், நான் பின்னால் ஓடினேன். சுவாரசியமாக எதையாவது சொல்லிக்கொண்டே வருவேன், பதிலே வராது. நிமிர்ந்து பார்த்தால் ஆள் பத்து காலடிக்கு முன்னால் போய்க்கொண்டிருப்பார். கூப்பிட்டால் திரும்பாமலே கையை மட்டும் தூக்கிக் காட்டுவார். எண்ணிக்கொண்டிருக்கிறார் என்று அர்த்தம். அந்தக் கையைப் பார்த்துப் பார்த்தே எனக்கு நரை விழுந்தது.

நான் ஓய்வு பெற இரண்டு மாதம் இருக்கும்போது அலுவலகப் படியில் விழுந்து முழங்காலை உடைத்துக்கொண்டேன். அறுவைச் சிகிச்சை செய்தார்கள். கால் வந்தது, ஆனால் பழைய கால் வரவில்லை. நானூறு மீட்டர் வரைக்கும் சொன்ன பேச்சைக் கேட்கும். அதைத் தாண்டினால் வீங்கிக்கொண்டு அடம் பிடிக்கும். உட்கார வைத்து, பத்து நிமிடம் தடவிக் கொடுத்த பிறகுதான் மறுபடி வழிக்கு வரும். டாக்டர் தினமும் நடக்கச் சொன்னார். வீட்டிலிருந்து பூங்கா வாசல் முந்நூற்றுத் தொண்ணூறு மீட்டர். அங்கே ஒரு பெஞ்சு இருக்கிறது. இரண்டு வருடமாகச் சாயங்காலம் ஆனால் அங்கே போய் உட்கார்ந்துவிட்டுத் திரும்பி வருவோம். “எனக்கும் வேற வேலை இல்ல, வரேன்” என்று அவரும் செருப்பை மாட்டிக்கொள்வார்.

எங்களுக்கு ஒரே மகள். வெளிநாட்டில் ஒரு நகரத்தில் வேலை பார்க்கிறாள். மாப்பிள்ளைக்கும் அங்கேதான் வேலை. போன வருடம் ஒருநாள் மத்தியானம் வீடியோவில் வந்தாள். முகத்தைப் பார்த்ததுமே எனக்குப் புரிந்துவிட்டது.

“அம்மா, நீ வரணும்” என்றாள். “வேற ஒண்ணும் வேணாம். குழந்தை பொறக்கறப்ப நீ பக்கத்துல இருக்கணும். அவ்வளவுதான்.”

போக வேண்டும் என்று எனக்கு மட்டும் ஆசை இல்லையா? அன்றைக்கே பெட்டியைக் கீழே இறக்கித் துடைத்து வைத்துவிட்டேன். ஆனால் அவள் வீடு இருப்பது அந்த நகரத்தின் பழைய பகுதியில். குறுகலான தெருக்கள். வண்டி எதுவும் உள்ளே விட மாட்டார்கள். டிராம் நிற்கும் இடத்தில் இறங்கி நடந்துதான் போக வேண்டும். ஆஸ்பத்திரி, கடை என்று எங்கே கிளம்பினாலும் அந்த நடையை நடந்தாக வேண்டும். சக்கர நாற்காலிக்கு ஏற்பாடு செய்கிறேன் என்றார் மாப்பிள்ளை. வயிற்றில் ஒன்றைச் சுமந்துகொண்டிருக்கும் பெண்ணுக்கு என்னை வேறு தள்ளிக்கொண்டு போகும் வேலையா? உதவிக்குப் போகிறவள் உபத்திரவமாகப் போய் நிற்கக் கூடாது என்று வீம்பாகச் சொல்லிவிட்டேன். நான் அப்படித்தான், வீம்பு பிடித்தவள்.

வீட்டுக்காரர் ஒரு வழி சொன்னார். “நான் முதல்ல போறேன். அளந்துட்டு வரேன். முடியும்னா முடியும். முடியாதுன்னா முடியாது.” எனக்கும் அது நியாயமாகப் பட்டது. உலகத்தில் யார் சொன்னாலும் சந்தேகப்படுவேன், அவர் அளந்து சொன்னால் மறுபேச்சு கிடையாது.

மூன்று மாதம் இருந்துவிட்டு வந்தார். அங்கே அவர் அடித்த கூத்தை மகள்தான் போனில் சொன்னாள். போன இரண்டாம் நாளே டேப்பை எடுத்துக்கொண்டு தெருவுக்கு இறங்கிவிட்டாராம். ஒரு முனையைக் கல்லை வைத்து அழுத்திவிட்டு, மறுமுனையை இழுத்துக்கொண்டு போயிருக்கிறார். எதிரே நாயோடு வந்த அம்மாள் அதில் கால் மாட்டி விழப் பார்த்தாராம். நாய் டேப்பைக் கவ்விக்கொண்டு ஓடியதாம். மகள் அன்றைக்கே டேப்பைப் பிடுங்கி அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டாள். அதனால் என்ன? கால் இருக்கிறதே! மிச்ச நாளெல்லாம் நோட்டும் பென்சிலுமாக அந்த ஊரைக் காலாலேயே அளந்து வரைந்து தள்ளினார்.

மொத்தம் நாற்பத்தோரு படங்கள். முப்பது வருடமாக அவருடைய கோடுகளைப் பார்த்தவள் நான். குழாய், சரிவு, மூடி, மறுபடியும் குழாய். இவருக்குள்ளே இப்படி ஒரு கை ஒளிந்திருக்கும் என்று கனவிலும் நினைக்கவில்லை. ஒன்றுக்கொன்று தோள் இடித்துக்கொண்டு நிற்கும் உயரமான வீடுகள், பச்சை பெயின்ட் உரிந்த ஜன்னல் கதவுகள், ஆற்றுக்குள் இறங்கிப் போகும் கல்படிகள், மழையில் நனைந்த டிராம் தண்டவாளம். மகள் குடித்து மிச்சம் வைத்த தேநீரில் தூரிகையை நனைத்துச் சுவர்களுக்குப் பழுப்பு ஏற்றியிருந்தார். அதற்கு மேல் பொடி எழுத்தில் அளவுகள். ஜன்னல் அகலம் இவ்வளவு, படியின் உயரம் இவ்வளவு, தெரு நீளம் இவ்வளவு.

கேள்விப்பட்டுப் பழைய அலுவலகக்காரர்கள் பார்க்க வந்தார்கள். பெரிய பொறியாளரும் வந்தார்.

“அந்த ஊர்ல ஒரு பெரிய மணிக்கூண்டு இருக்குமே, அது எங்கப்பா?” என்று புரட்டினார்.

“இருக்கு சார். அதுக்கு நேர் எதிர்ல ஒரு மழைநீர் வடிகால் இருக்கு பாருங்க, நூத்தியிருபது வருஷமா ஒரு தடவைகூட அடைச்சதில்லயாம்!” என்று இவர் அந்தப் படத்தை எடுத்து நீட்டினார். மணிக்கூண்டு ஓரத்தில் அரைவாசிதான் தெரிந்தது.

அவர்கள் போன பிறகு நான் தனியாக உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பார்த்தேன். வரைபடத்தில் உயரம் புரிவதற்காகச் சின்னதாக ஓர் ஆளை நிற்க வைப்பார்கள். அலுவலகத்தில் அவர் போட்ட ஆட்களுக்கு முகம் கிடையாது. இந்தப் படங்களில் எல்லாம் அந்த ஆள் எங்கள் மகள். கையில் பையோடு, தலைமுடியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு, பக்கவாட்டில் நின்றிருந்தாள். முதல் வாரப் படத்தில் ஒரே நேர்க்கோடு. பத்தாவது, பதினைந்தாவது படத்தில் கோடு லேசாக முன்னால் வளைந்தது. நாற்பதாவது படத்தில் ஒரு கையை இடுப்பில் ஊன்றிக்கொண்டிருந்தாள். அந்தக் கை ஊன்றும் விதம் என்னுடையது. அவளைச் சுமந்தபோது நானும் அப்படித்தான் நின்றேன். என் மகளின் வயிறு வளர்ந்ததை நான் பார்த்தது அந்தத் தாள்களில்தான்.

நாற்பத்தோராவது படம் நீளமானது, மடித்து மடித்து வைத்திருந்தார். டிராம் நிற்கும் இடத்திலிருந்து மகள் வீட்டு வாசல் வரைக்கும் முழு வழி. ஒவ்வொரு விளக்குக் கம்பத்தையும் போட்டிருந்தார். கீழே எழுதியிருந்தது: ‘அறுநூறு காலடி. நானூற்றைம்பது மீட்டர். உட்கார இடமில்லை.’

நான் படித்து முடிக்கும்வரை அவர் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்.

“நானூறுன்னு எழுதியிருந்தா குறைஞ்சா போயிடுவீங்க?” என்றேன்.

“எழுதியிருக்கலாம். உன் முட்டி அதை நம்பணுமே.”

அன்றைக்கே மகளைக் கூப்பிட்டு, வர முடியாது என்று சொன்னேன். சண்டை போடுவாள், அழுவாள் என்று நினைத்தேன். “சரிம்மா” என்று மட்டும் சொன்னாள். அந்தச் சரிம்மாவைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. பெட்டியை மறுபடி மேலே ஏற்றச் சொன்னேன். அவரும் ஏற்றினார்.

மூன்று வாரம் கழித்து மகள் வீடியோவில் வந்து சண்டை பிடித்தாள். இந்தத் தடவை என்னோடு இல்லை, அப்பாவோடு.

“அப்பா, நீங்க நானூத்தியம்பதுன்னு எழுதிக் குடுத்தீங்க. என் போன்ல முந்நூத்தி அறுபதுன்னுதான் காட்டுது. நாலு தடவை பாத்துட்டேன்.”

“போனுக்கு என்ன தெரியும்? அது என்ன நடந்தா பாத்துச்சு?”

“அப்பா!”

“முப்பத்தாறு வருஷம் இந்தக் காலை வெச்சு ஊரையே தோண்டியிருக்கேன். என்கிட்ட போனைக் காட்டறே.” அவருக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்துவிட்டது. மகளும் அவர் மகள்தானே, விடவில்லை. கடைசியில் மாப்பிள்ளைதான் பாவம், பூட்டி வைத்த டேப்பை எடுத்துக்கொண்டு அந்தக் குளிரில் வெளியே போனார். வாசலுக்குப் பக்கத்திலுள்ள இரண்டு விளக்குக் கம்பங்களுக்கு நடுவே அளந்தார். படத்தில் முப்பது மீட்டர். டேப்பில் இருபத்து நான்கு. அடுத்த தெருவில் ஒரு சுவர். படத்தில் பதினைந்து, டேப்பில் பன்னிரண்டு. படித்துறை மேடை, படத்தில் பத்து, டேப்பில் எட்டு.

ஒவ்வோர் எண்ணையும் மாப்பிள்ளை சொல்லச் சொல்ல, இவர் முகம் சுண்டிக்கொண்டே போனது. புதிதாக வேலைக்குச் சேர்கிறவர்களுக்கு அவர் வழக்கமாகச் சொல்லும் பாடம் எனக்கும் மனப்பாடம். தப்பு ஓரிடத்தில் மட்டும் இருந்தால் கவனக்குறைவு. எல்லா இடத்திலும் ஒரே விகிதத்தில் இருந்தால் அளவுகோலே தப்பு. இங்கே அளவுகோல் அவருடைய கால்.

மறுநாள் காலையில் எங்கள் மாடி வராந்தாவில், வீட்டிலிருந்த இன்னொரு டேப்பைப் பிடித்துப் பன்னிரண்டு மீட்டருக்குச் சாக்பீஸால் கோடு போட்டார். நடந்தார். பதினாறு காலடி வர வேண்டும். இருபது வந்தது. திரும்பி நடந்தார். இருபது. வேண்டுமென்றே எட்டி எட்டி வைத்தால் பதினாறு வந்தது, ஆனால் அது நடை இல்லை, தாவல். சும்மா நடந்தால் மறுபடி இருபது. பக்கத்து வீட்டுக்காரி கதவைத் திறந்து பார்த்துவிட்டு மூடிக்கொண்டாள். அவர் கோட்டின் மேலேயே உட்கார்ந்துவிட்டார்.

“வயசாயிடுச்சு” என்றார். “எப்பலேர்ந்துன்னு தெரியலயே. ஆபீஸ்ல கடைசியா போட்ட படமெல்லாம் சரியா இருந்துச்சா, அதுவும் இப்படித்தானா, ஒண்ணும் தெரியலயே.”

எனக்கு வந்த நிலைமையைப் பாருங்கள். முந்நூற்று அறுபது மீட்டர் என்றால் நான் நடந்துவிடுவேன். மகளிடம் போகலாம். துள்ளிக் குதிக்க வேண்டிய செய்தி. அதைச் சொல்லிச் சிரிக்க முடியாதபடி இந்த மனிதர் தரையில் உட்கார்ந்திருக்கிறார். நாற்பத்தோரு படத்தையும் கட்டி, பழைய பேப்பரோடு போடுவதற்கு வாசலில் வைத்துவிட்டார். எல்லாம் பொய்ப் படமாம். நான் கட்டை உள்ளே கொண்டுவந்து வைத்தேன். அவர் மறுபடி வெளியே வைத்தார். நான் மறுபடி உள்ளே வைத்தேன்.

“இப்பதான் தூரம் குறைஞ்சிடுச்சே, கிளம்பலாமே” என்று மெல்ல ஆரம்பித்தேன்.

“போனா நீ என் கையைப் பிடிச்சுக்கிட்டுத்தானே நடக்கணும்? என் காலே எனக்குப் பிடிபடல. என்னை நம்பி வராதே” என்றார். அப்படி ஒரு பேச்சை அவர் வாயிலிருந்து நான் கேட்டதே இல்லை. பேறுகாலத்துக்கு ஏழு வாரம்தான் இருந்தது.

சாயங்காலம் நடக்க வர மாட்டேன் என்றார். டாக்டரிடம் சொல்லிவிடுவேன் என்று மிரட்டி இழுத்துக்கொண்டு போனேன். சும்மா பேச்சுக் கொடுப்பதற்காகக் கேட்டேன்.

“பூங்கா வாசலுக்கு எத்தனை காலடிங்க?”

“தெரியாது.”

“என்னது, தெரியாதா? ரெண்டு வருஷமா தினம் வரீங்க. குளியலறைக்கு எத்தனை காலடின்னு சொல்ற ஆளு.”

“உன்கூட வர்றப்ப எண்ண மாட்டேன்” என்றார். “நீ எப்ப உக்காரணும்பியோன்னு உன்னையே பாத்துக்கிட்டு வருவேன். ரெண்டும் சேந்து முடியாது.”

தலையைக் குனிந்துகொண்டேன். அப்போதுதான் எங்கள் கால்கள் கண்ணில் பட்டன. என் வலது கால் போகும்போது அவருடைய வலது கால் போனது. என் இடது கால் இழுத்துக்கொண்டு வரும்போது, நன்றாக இருக்கிற அவருடைய இடது காலும் கொஞ்சம் தாமதித்து அதோடு வந்து இறங்கியது. நான் வேண்டுமென்றே ஒரு காலடியைச் சின்னதாக வைத்தேன். அவர் எங்கேயோ பார்த்துக்கொண்டிருந்தார், ஆனால் கால் சின்னதாக விழுந்தது. நான் நின்றேன். அவரும் நின்றார், நின்றது தெரியாமலே.

“வலிக்குதா? உக்காரணுமா?”

“இல்ல. வீட்டுக்குப் போலாம்.”

வந்ததும் வராததுமாக டேப்பை எடுக்கச் சொன்னேன். காலையில் போட்ட கோடு அழியாமல் இருந்தது. அவர் கையைப் பிடிக்காமல், சுவரைப் பிடிக்காமல், என் பாட்டுக்கு நடந்தேன். அவர் எண்ணினார். இருபது. திரும்பி வந்தேன். இருபது.

அவர் கோட்டைப் பார்த்தார். என் காலைப் பார்த்தார். டேப்பை ஒரு தடவை வெளியே இழுத்து, உள்ளே விட்டார். வரைபடத்தில் தப்புக் கண்டுபிடிக்கும்போது இப்படித்தான் ஏதாவது ஒன்றைக் கையில் வைத்து உருட்டுவார்.

“இது உன் காலடியா?” என்றார்.

“ஆமாங்க.”

“அந்த ஊர் முழுக்க நான் இப்படித்தான் நடந்தேனா?”

“ஆமாங்க.”

டேப்பைக் கீழே வைத்துவிட்டு, “அப்ப எனக்கு வயசாகலயா?” என்று கேட்டார்.

“ஆயிடுச்சு. அது வேற விஷயம்” என்றேன். சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. வருடக்கணக்காக இந்த மனிதர் எனக்கு முன்னால் ஓடுகிறார் என்று யாரைப் பார்த்தாலும் குறை சொல்லிக்கொண்டிருந்தேன். அவர் எப்போது திரும்பி வந்து என் பக்கத்தில் சேர்ந்துகொண்டார் என்பதை நான் கவனிக்கவே இல்லை. கண்ணை எங்கே வைத்துக்கொண்டிருந்தேனோ. உயிரைவிடப் பெரிதாகக் காப்பாற்றி வைத்திருந்த காலடியை எனக்காக விட்டிருக்கிறார், அதுவும் விட்டது தெரியாமலே விட்டிருக்கிறார். அவர் மேல் எனக்கு இருந்த பிரியமெல்லாம் அந்த வராந்தாவில் ஒன்றாக மேலே வந்தது. பக்கத்து வீட்டுக்காரி மறுபடி கதவைத் திறந்து, நான் அழுவதைப் பார்த்துவிட்டு, இந்தத் தடவை மூடாமலே நின்றாள்.

உள்ளே போய்க் கட்டைப் பிரித்தார். நாற்பத்தோராவது படத்தை விரித்து, ரப்பரை எடுத்தார். மீட்டர்களை எல்லாம் திருத்தப் போகிறாராம். நான் கையைப் பிடித்துக்கொண்டேன்.

“மீட்டரை வேணும்னா அழிங்க. காலடியைத் தொடாதீங்க. அறுநூறுன்னு எண்ணியிருக்கீங்களே, அது சரியாத்தான் இருக்கு. அது நான் வைக்க வேண்டியது.”

யோசித்தார். ஒவ்வொரு படமாக எடுத்து மீட்டரை மட்டும் திருத்தினார். மூன்று நாள் ஆனது. நான்காம் நாள் பெட்டியை அவரே கீழே இறக்கினார்.

அந்த ஊரில் டிராமை விட்டு இறங்கியபோது மழை அப்போதுதான் விட்டிருந்தது. மாப்பிள்ளை பெட்டிகளை இழுத்துக்கொண்டு முன்னால் போனார். மகளை வாசலிலேயே நிற்கச் சொல்லியிருந்தேன், இறங்கி வரவே கூடாது என்று. எனக்கு அந்தத் தெரு புதிதாகத் தெரியவில்லை. பச்சை ஜன்னல் இங்கே இருக்கும் என்று திரும்பினால் இருந்தது. நாய்க்கார அம்மாள் ஒருத்தி எதிரே வந்தாள். என் வீட்டுக்காரரைப் பார்த்ததும் நாயின் கயிற்றைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டாள். அவர் அசடு வழிந்தார். ஆனாலும் என் கையை விடவில்லை, என் முகத்திலிருந்து கண்ணையும் எடுக்கவில்லை. அதனால் நான்தான் எண்ணினேன். வாழ்க்கையில் முதல் தடவையாக, ஒரு வார்த்தை பேசாமல், வாய்க்குள்ளேயே எண்ணிக்கொண்டு நடந்தேன். நானூறு தாண்டியது. ஐந்நூறில் முழங்கால் லேசாக முனகியது. பிறகு வளைவில் திரும்பியதும் வாசல் தெரிந்தது. அவள் தெரிந்தாள், ஒரு கையை இடுப்பில் ஊன்றிக்கொண்டு, இவ்வளவு பெரிய வயிற்றோடு.

கட்டிக்கொண்டோம். வயிறு நடுவில் இருந்ததால் பக்கவாட்டில்தான் கட்டிக்கொள்ள முடிந்தது.

“எத்தனை?” என்று பின்னாலிருந்து கேட்டார் அவர்.

“ஐந்நூத்தித் தொண்ணூத்தி ஆறு.”

“நாலு குறையுதே” என்றார், பழைய அலுவலகக் குரலில். “நான் வாசப்படி வரைக்கும் எண்ணினேன். அறுநூறு.”

“குறையலைங்க” என்றேன். “அந்த நாலும் இவ நடந்து வந்துட்டா.”